நம் குடியிருப்புகளும் களிமண்ணும்: ஒரு வரலாற்று நோக்கு

சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, தொண்டைமான் மன்னர்களைப் பற்றியோ சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நம் காலடியில் கிடக்கும் மண்ணின் வரலாற்றை எழுதுவோர் சிலரே. அம்மண்ணைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியும் சுமந்தும் மிதித்தும் வந்தவர்கள் நம் முன்னோர் ஆதலின், அதன் வரலாறு ஒருவகையில் நம் வரலாறே ஆகும். மேலும், நம் காலனி வீடுகளின் சுவர்கள் ஏன் வெடிக்கின்றன என்னும் வினாவுக்கு விடையும் அவ்வரலாற்றினுள்ளேதான் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பெற்றது. இம்மாவட்டம் என்றவுடன் செம்மண்ணும் சரளையும் பாறைக் குன்றுகளுமே பலர் கண்முன் தோன்றும். கோவில்பட்டியைப் போலவோ விருதுநகரைப் போலவோ இது கரிசல் நாடு அன்று என்பது உண்மையே. ஆயினும் மேட்டில் செம்மண் இருக்குமிடத்தில் அதன் பள்ளத்தில் களி இருப்பது இயற்கையின் ஒழுங்கு. மேட்டுப் பாறை சிதைந்து கரைகையில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சிலிக்காவும் மழைநீரோடு தாழ்நிலத்துக்கு இறங்குகின்றன. அங்கே நீர் வடிய வழியின்றித் தேங்கி, ஓராண்டில் ஒருமுறை நனைந்து ஒருமுறை காய்ந்து, கருமையும் பசையும் உடைய களியாக மாறுகிறது. கண்மாய்களின் உள்வாய், அவற்றின் கீழ்ப்பட்ட நஞ்சை, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கத்துத் தாழ்நிலங்கள் ஆகியவற்றில் இம்மண்ணைக் காணலாம். களி, கரம்பை, வண்டல் என்று ஊருக்கு ஊர் பெயர் சொல்வார்கள். சித்திரையில் அதில் கைந்நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழை பெய்த சில நாட்களில் வெடிப்பு மூடிக்கொள்ளும். சிறுவயதில் அவ்வெடிப்பில் கோலியைத் தவறவிட்டு இழந்தவர்கள் நம்மில் பலர் இருப்பர்.

நம் மாவட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. பெரிய ஆறு இல்லாத இந்நாட்டில் இவையே உயிர்நாடி. இவற்றை வெட்டியதும் தூம்பு அமைத்ததும் பற்றிய பழைய செய்திகள் கோயில் சுவர்களிலும் பாறைகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன. புதுக்கோட்டை சமஸ்தானத்தார் 1929இல் கல்வெட்டு மூலங்களைத் தொகுத்து அச்சிட்டபோது அவற்றுள் பலவும் நூலேறின. குமிழி இடுவித்தவர் பெயர், ஏரிக்கு நிலம் விட்டவர் பெயர், அதற்குச் சாட்சியானவர் பெயர் யாவும் அவற்றில் உண்டு. கூடையில் மண் சுமந்தவர் பெயரைத் தேடுவோர் ஏமாறவே நேரும். ஆனால் அவர்கள் கைவண்ணம் கரையாகவே நிற்கிறது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர் கரையையும் படிக்கக் கற்க வேண்டும் என்பது நம் கருத்து.

கரை போடுவது மண்ணைக் குவிப்பதன்று. களி தனித்து இருந்தால் கோடையில் வெடிக்கும். மணல் தனித்து இருந்தால் நீர் கசியும். இரண்டையும் அளவறிந்து சேர்த்து, நீர் தெளித்து, பதம் பார்த்து, மாடுகளையும் மனிதரையும் விட்டு மிதித்து, ஒரு படை இறுகிய பின்னரே அடுத்த படை ஏற்றினார்கள். ஈரம் குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும், மிகுந்தால் குழம்பாகும், இரண்டுக்கும் இடையே ஒரு பதம் உண்டு. இக்காலப் பொறியாளர் ஆய்வுக்கூடத்தில் கண்டறியும் உகந்த ஈரப்பதம் இதுவே. அக்காலத்தில் அதனைக் காலின் பெருவிரல் கண்டறிந்தது.

கரைக்கு வரும் ஆபத்தும் மண்ணின் இக்குணத்தினால்தான். வறண்ட கோடையில் கண்மாய் காய்ந்தால் கரையும் உள்ளே வெடித்துவிடுகிறது. முதல் பெருமழையில் நீர் சட்டென்று ஏறினால், வெடிப்பு மூடிக்கொள்ளுமுன்பே அதன் வழியே நீர் புகுந்து மண்ணை அரித்துச் செல்லும். நிறைந்து நாட்பட்ட கண்மாய் தாங்கி நிற்க, ஒரே இரவில் நிறைந்த கண்மாய் உடைப்பெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவேதான் ஐப்பசி, கார்த்திகையில் இரவுக் காவல் வைத்தார்கள். பல ஊர்களில் அக்காவலையும், மடை திறந்து நீர் பாய்ச்சும் பணியையும் நீர்க்கட்டிகளாகவும் மடையர்களாகவும் இருந்து செய்தவர்கள் நம் சமுதாயத்தினர். அடைமழையில் மடைக்குள் மூழ்கி அடைப்பானைத் திறந்தவனின் தொழிற்பெயர் இன்று ஏச்சுச் சொல்லாக வழங்குவது தமிழுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

குடிமராமத்து என்னும் சொல்லை இன்று பெருமையோடு பேசுகிறோம். 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஏரி சீரமைப்புத் திட்டத்தை மீண்டும் தொடங்கிற்று. ஆனால் பழங்காலத்தில் அது எல்லோருக்கும் ஒரே பொருள் தரவில்லை. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தின்படி, சென்னை மாகாணத்தில் கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் கிராம உழைப்பாளரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு உரிமை தரப்பட்டது. அறந்தாங்கிப் பகுதி அன்று பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. புதுக்கோட்டை 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய யூனியனில் இணைக்கப்படும் வரை தனிச் சமஸ்தானம். சட்டம் எதுவாயினும், சுமந்த மண் ஒன்றே. அம்மண்ணைச் சுமந்தவனுக்கு அந்தக் கண்மாயில் நீர் மொள்ளும் உரிமை எங்கும் இயல்பாகக் கிடைத்துவிடவில்லை. 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகியது ஏன் வரலாறாயிற்று என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிக் குடியிருப்புக்கு வருவோம். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்திருப்பதை நம் மாவட்டத்துப் பல கிராமங்களில் இன்றும் காணலாம். வயலில் உழைப்போர் வயலை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது பண்ணையாரின் வசதி. அந்த மனையும் குடியிருப்போருக்குச் சொந்தமன்று. செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து அளித்த அறிக்கையில், குடியிருக்கும் மனைகூடத் தமக்கு உரிமையில்லாமையையே அம்மக்களின் அடிமை வாழ்வுக்குரிய முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். அதன் பயனாய் 1892இல் பிறந்ததே பஞ்சமி நில ஆணை. தமிழக அரசின் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் 1971இல் வந்தது. தாட்கோ நிறுவனம் 1974இல் தோன்றியது. நம்மவருக்கு மனை வழங்க நிலம் எடுப்பதற்கென்று 1978இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இவை பெரும் பேறுகள். நம் பெற்றோர் கனவிலும் காணாதவை.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. எடுத்துத் தரப்பட்ட நிலம் பல ஊர்களில் விலை மலிந்த தாழ்நிலமாக இருந்தது; பழைய நஞ்சையோ கண்மாயை ஒட்டிய களித்தரையோ ஆக இருந்தது. பட்டாவில் பரப்பு எழுதப்பட்டது; மண் எழுதப்படவில்லை. மூன்று சென்ட் என்பது மேட்டிலும் மூன்று சென்ட்தான், பள்ளத்திலும் மூன்று சென்ட்தான். ஆனால் அதன்மேல் எழும் சுவருக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல.

பழைய மண் வீடு இக்களியோடு ஒத்துப்போகத் தெரிந்திருந்தது. ஒரு முழ உயரம் சுவர் எழுப்பிக் காயவிட்டு அதன்மேல் அடுத்த வரிசை வைப்பார்கள். களியில் செம்மண்ணும் வைக்கோலும் சேர்ப்பார்கள். அய்யனார் கோயிலுக்கு ஆளுயரத்துக்கும் மேற்பட்ட மண் குதிரைகளைச் செய்யும் வேளாரும் அதே முறையைத்தான் கையாளுகிறார்கள். கண்மாய்க் களியில் மணலும் உமியும் கலந்து, உள்ளே கூடு விட்டு, நிழலில் உலர்த்துகிறார்கள். வெளிப்புறம் விரைவாய்ச் சுருங்கி உட்புறம் ஈரமாயிருந்தால் குதிரை பிளந்துவிடும் அன்றோ! கூரை வீட்டின் தாழ்வாரம் சுவரைக் கடந்து இரண்டு மூன்று முழம் தாழ இறங்கியது. மழைநீர் சுவரடியை விட்டு அப்பால் விழுந்தது. திண்ணை சுவரடியை வெயிலிலிருந்து மறைத்தது. குனிந்து நுழைய வேண்டியிருந்ததைத் தாழ்வின் அடையாளமாக நாம் கண்டோம். அதில் தவறில்லை. ஆனால் அத்தாழ்வாரம் கடைக்காலின் ஈரத்தைச் சமப்படுத்தி வந்தது என்பதை, அது போன பின்னரே அறிகிறோம். மண் சுவர் சற்றுக் கோணினாலும் தைப் பொங்கலுக்குப் பூசி மெழுகினால் சரியாகிவிடும். செங்கற் சுவருக்கு அந்த நெகிழ்வு இல்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கூரைகளை அள்ளிச் சென்றதைக் கண்டவர் எவரும் மீண்டும் குடிசைக்குச் செல்லச் சொல்லமாட்டார். கான்கிரீட் வீடே வேண்டும். அதனை இம்மண்ணுக்கு ஏற்பக் கட்ட வேண்டும் என்பதே நாம் கூறுவது.

இக்களி ஏன் இப்படி நடந்துகொள்கிறது? இதனை அறிய உலக அறிஞர்களுக்கே நெடுங்காலம் ஆயிற்று. பிரான்சு நாட்டில் மான்ட்மோரில்லான் என்னும் ஊர்ப்பக்கம் கிடைத்த ஒருவகைக் களிக்கனிமத்துக்கு 1847இல் மான்ட்மோரில்லனைட் என்று பெயரிட்டனர். சுவீடன் நாட்டு வேதியியலார் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911இல், களி எந்த ஈரத்தில் குழம்பாகும், எந்த ஈரத்தில் பிசையத்தக்கதாகும், எந்த ஈரத்துக்குக் கீழ் சுருங்குவதை நிறுத்தும் என்னும் எல்லைகளை வகுத்தார். வேளாரின் விரல் அறிந்ததை அவர் எண்ணாக்கினார் எனலாம். 1925இல் டெர்சாகி மண்ணியக்கவியல் நூலை வெளியிட்டார். 1933இல் ஹாஃப்மன், எண்டெல், வில்ம் என்னும் மூவர், மான்ட்மோரில்லனைட்டின் நுண்தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது என்று எக்ஸ் கதிர் ஆய்வால் விளக்கினர்.

அதனை இவ்வாறு எண்ணிப் பார்க்கலாம். ஒரு புத்தகத்தின் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. சாதாரணக் களியில் தாள்கள் ஒட்டப்பட்டவை. நீர் உள்ளே புகாது. மான்ட்மோரில்லனைட்டில் தாள்களுக்கு இடையே பிடிப்பு மிகத் தளர்வு. நீர் கண்டவுடன் ஒவ்வோர் இடைவெளியிலும் அது புகுந்து புத்தகத்தையே பருக்கச் செய்கிறது. காய்ந்தால் நீர் வெளியேறிப் புத்தகம் மெலிகிறது. இக்கனிமத்தின் ஒரு கிராமிலுள்ள தகடுகளின் பரப்பையெல்லாம் விரித்தால் ஏறத்தாழ 800 சதுர மீட்டர் வரும். அஃதாவது ஒரு சிட்டிகை மண்ணுக்குள் 20 சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது! சீனக்களி எனப்படும் கயோலினைட்டில் அது 10 முதல் 20 சதுர மீட்டர் அளவே.

வீங்கும்போது இம்மண் தரும் அழுத்தம் சிறிதன்று. தளம் போட்ட ஒற்றை வீடு கடைக்காலின் கீழ்த் தரும் பாரம் சதுர மீட்டருக்கு 5 டன் அளவில் இருக்கும். கடுங்கரிசலின் வீங்கு அழுத்தம் 20, 30 டன்னைக்கூட எட்டும். நம் பகுதிக் களியில் மணல் கலந்திருப்பதால் வேகம் குறைவுதான். எனினும் சுவர் வெடிக்க அவ்வளவு வேண்டுவதில்லை. பெரிய மாளிகை தன் பாரத்தாலேயே மண்ணை அழுத்தி வைத்துவிடும். மெலிந்த சிறு வீட்டைத்தான் இம்மண் தூக்கி விளையாடுகிறது.

நீரோடு வெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. பகல் வெயிலின் சூடு மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடோ பல மீட்டர் ஆழம் வரை மெல்ல இறங்கும். மண்ணுள் நீராவி சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு நகரும் இயல்புடையது. வீட்டைச் சுற்றியுள்ள வெட்டவெளி சித்திரை வெயிலில் கொதிக்கிறது. வீட்டுத் தளத்தின் அடியோ நிழலில் குளிர்ந்திருக்கிறது. அங்கே வந்து சேரும் ஈரம் ஆவியாகப் போக வழியில்லை. ஆகவே கட்டிய சில ஆண்டுகளில் வீட்டின் நடுப்பகுதி ஈரம் பெற்று மெல்ல உயர்ந்து நிலைகொள்கிறது. ஓரத்துச் சுவர்களோ கோடையில் இறங்கி மழையில் ஏறுகின்றன. நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுவதால் இவ்வேற்ற இறக்கம் கூர்மையாகிறது. நிலைவாசல், சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகப் பிளவு ஓடுவது இதனால்தான். பிளவு மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் ஓரம் இறங்கியது அல்லது நடு உயர்ந்தது என்று பொருள். கீழே அகன்றிருந்தால் ஓரம் உயர்ந்தது என்று கொள்ளலாம்.

சுவரை ஒட்டி நிற்கும் வேம்பும் அரசும் சீமைக் கருவேலும் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இறக்கத்தை மிகுவிக்கின்றன. 1976இல் இங்கிலாந்தில் கடும் வறட்சி ஏற்பட்டபோது, இலண்டன் களியின்மேல் நின்ற வீடுகள் பெருமளவில் இறங்கி வெடித்தன. மழைக்குப் பேர்போன நாட்டிலேயே அந்நிலை! 1973இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் கணக்கிட்டபோது, வீங்கு மண்ணால் ஆண்டுதோறும் ஏற்படும் சேதம் 230 கோடி டாலருக்குக் குறையாது என்றும், வெள்ளம், புயல், சூறாவளி, நிலநடுக்கம் ஆகியவற்றின் சேதத்தைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது என்றும் கண்டனர். வெள்ளம் செய்தித்தாளில் வருகிறது, விரிசல் வருவதில்லை.

நம் கொத்தனார் தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டிய வரலாற்றுச் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் பொறியாளர்களே 1938 வரை இவ்விரிசல்களுக்கு மண்ணின் வீக்கம் காரணம் என்று உணரவில்லை. அவ்வாண்டு ஆரிகன் மாநிலத்தில் ஒரு பாசனத் திட்டத்தின் எஃகுக் குழாய் அடித்தளத்தை ஆராய்ந்தபோதுதான் பாசனத் துறையினர் அதனை அறிந்தனர். அதற்கு முன்பெல்லாம் வேலை செய்தவர்மீதே பழி விழுந்தது. இன்றும் நம் ஊர்களில் சுவர் வெடித்தால் முதலில் குறை கூறப்படுபவர் கொத்தனார்; அடுத்தவர் கலவை சேர்த்த சிற்றாள். இருவரும் பெரும்பாலும் நம்மவர். சிமெண்டைக் குறைத்த ஒப்பந்தக்காரர் இல்லாமல் போகவில்லை. அது வேறு வழக்கு. ஆனால் கலவை சரியாயிருந்தும் மண்ணால் வெடித்த சுவருக்கு உழைத்தவன் பொறுப்பாளி ஆகான்.

மாற்று வழிகள் நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டுள்ளன. ரூர்க்கியில் 1947இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தினேஷ் மோகனும் அவர்தம் குழுவினரும் 1950களிலிருந்து அண்டர்ரீம் பைல் என்னும் முறையை வளர்த்தனர். ஈரம் ஏறி இறங்கும் மேல் மண்ணைக் கடந்து, வழக்கமாக மூன்று மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அதன் அடியைக் குடம்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவது அம்முறை. மேல் மண் தூக்கினாலும் அடிக்குடம் விடாது பிடித்துக்கொள்ளும். இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் கட்டி 1970களில் வேறொரு வழி காட்டினார். கரிசலை ஒரு மீட்டர் அளவுக்கு அகற்றிவிட்டு, வீங்காத பசையுள்ள சரளைச் செம்மண்ணை இட்டு இறுக்கினால் கீழ் மண் அடங்கி நிற்கும் என்பது அது. வெறும் மணலை நிரப்புவதைவிட இது மேல். மணல் நீரைத் தேக்கிக் களிக்கே ஊட்டிவிடும். சரளைச் செம்மண்ணுக்குப் புதுக்கோட்டையில் பஞ்சமில்லை. மேட்டு மண்ணால் பள்ளத்து மண்ணை அடக்கும் வாய்ப்பு இயற்கையாகவே நமக்கு வாய்த்திருக்கிறது.

பைல் போடப் பணமில்லாத இடத்தில் எளிய காரியங்கள் உண்டு. கடைக்காலை வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு இறக்குதல், அதன்மேலும் லிண்டல் மட்டத்திலும் கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட் ஓட்டுதல், வீட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகச் சரிவுத் தளம் போட்டு நீரை வெளியே தள்ளுதல், குளியல் நீரையும் கைப்பம்பு நீரையும் சுவரடியில் தேங்க விடாமை, சுவரை ஒட்டி மரம் வைக்காமை ஆகியவை அவை. மண்ணோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் பயன் தரும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் தகடுகளின் பிடிப்பை இறுக்கி நீரைப் புகவிடாமல் தடுக்கிறது. இவற்றுள் சரிவுத் தளம் ஒன்றே பாதி நன்மை செய்யும் என்பது நம் எண்ணம். பழைய தாழ்வாரம் செய்த வேலையை அது செய்கிறது.

வேலை தொடங்கும் காலமும் முக்கியம். சித்திரையில் எலும்பாய்க் காய்ந்த மண்மேல் கட்டினால் பின்னர் வீங்கித் தூக்கும். கார்த்திகையில் ஊறிய மண்மேல் கட்டினால் பின்னர் சுருங்கி இறக்கும். தை பிற்பகுதியும் மாசியும் நடுநிலை. மார்கழி போகட்டும் என்று காத்திருந்த நம் பெரியவர்கள் சகுனம் பார்த்தார்களோ ஈரம் பார்த்தார்களோ, முடிவு சரியாகவே இருந்தது.

மனை வாங்குமுன்போ அரசு தரும் நிலத்தை ஏற்குமுன்போ மண்ணைச் சோதிக்க உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடமே போதும். ஒரு மீட்டர் ஆழத்து மண்ணைக் காயவைத்துத் தூளாக்கி நுண்சல்லடையில் சலித்துக்கொள்க. அதில் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, 100 மில்லி அளவுருளை இரண்டில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் நிரப்பி ஒரு நாள் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி வீங்காது. இரண்டிலும் படிந்த மண்ணின் அளவுகளை ஒப்பிட்டு, நீரில் எத்தனை விழுக்காடு மிகுந்தது என்று பார்க்கலாம். 50க்குக் கீழ் என்றால் அச்சம் குறைவு. 100க்கு மேல் என்றால் சாதாரணக் கடைக்கால் அங்கே நில்லாது. பத்தாம் வகுப்பு மாணவன் செய்யத்தக்க இச்சோதனையின் முடிவை, மனை ஒதுக்கும் அதிகாரிக்கு எழுதும் விண்ணப்பத்தோடு இணைக்க எவ்விதத் தடையும் இல்லை.

ஏற்கெனவே கட்டிய வீடாயின், ஒவ்வொரு பிளவின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியும் அகலமும் எழுதி வைத்தல் நன்று. குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி வைத்தால், சுவர் அசைந்தால் அது உடைந்து காட்டும். சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை, தையில் ஒருமுறை என இரண்டாண்டு குறித்தால், கோடையில் விரிந்து மழையில் மூடும் பிளவு எது, மூடாமலே வளரும் பிளவு எது என்பது தெளிவாகும். முன்னது மண்ணின் வேலை. அதற்குச் சரிவுத் தளமும் வடிகாலும் கேட்க வேண்டும். பின்னது கட்டுமானக் குறையாக இருக்கலாம். அதற்கு ஒப்பந்தக்காரரைக் கேட்க வேண்டும். தேதியிட்ட நான்கு பென்சில் கோடுகள் கையில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் நின்று பேசலாம். சங்கத்து மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் ஐந்து வீடுகளுக்கு இக்கணக்கை இவ்வாண்டு தை மாதமே தொடங்கலாம்.